கொம்புக்காரர் எங்கே?

மார்ச் 3, செவ்வாய்

ரத்த அழுத்தம் 150/100. கோபம் வந்தால் கத்தாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நோட்டு வாங்கியாகிவிட்டது. இன்று பார்த்து ஒரு கோபமும் வரவில்லை.

புது வேலை வந்திருக்கிறது. எட்டுப் பகுதித் தொடர். இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு கோட்டை, முற்றுகை. இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை என்பதால் எல்லாரும் அழுக்காக இருக்கிறார்கள். பற்கள் மட்டும் வெள்ளை. இவர்கள் வேறு மொழியில் பேசுவதைத் தமிழில் பேசுவதாகக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

டப்பிங் டைரக்டர் போனில் கேட்டார். "சார், இது ஏதோ பெரிய நாவலாமே. படிச்சிருக்கீங்களா?"

"கரைச்சுக் குடிச்சிருக்கேன் மேடம்."

இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "சின்ன வயசுல அண்ணி படிச்சுக் காட்டினாங்கன்னுதானே சொல்வீங்க? அப்போ அவங்கதான் படிச்சாங்க. நீங்க கேட்டீங்க" என்றாள்.

அண்ணி என்று அவள் சொல்வது என் அக்காவை. அந்தச் சொல் என் காதுபட இந்த வீட்டில் வந்து நான்கு வருடம் ஆகிறது. சொல்லிவிட்டு அவளே எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணி.

மார்ச் 5, வியாழன்

முதல் பகுதி முடித்தேன்.

கதையில் வருகிற வழிகாட்டிக்குப் பெயர் கிடையாது. இந்தக் கரையில் பிறந்து அந்தக் கரையில் வளர்ந்தவன், இரண்டு கரைக்காரர்களும் நம்பாத ஆள். எனக்கு ஞாபகம் இருக்கிற வழிகாட்டி குள்ளமானவன், முன்பற்கள் இரண்டு இல்லாதவன், நாளுக்கு நாலு வார்த்தை பேசுபவன். தொடரில் வருகிறவன் ஆறடி. பற்கள் எண்ணி முப்பத்திரண்டு. மலை உச்சியில் நின்று சுதந்திரம் பற்றி மூன்று நிமிடம் பேசுகிறான். கேட்க அங்கே ஒரு குதிரை மட்டும் இருக்கிறது.

மூன்று நிமிடமும் முகத்துக்கு நேரே கேமரா. அவன் உதடு ஒட்டுகிற இடத்திலெல்லாம் நானும் ம, ப என்று எதையாவது கொண்டுவந்து ஒட்ட வேண்டும். "சுதந்திரம்" நல்ல சொல்தான், ஆனால் அவன் வாய் "பம்பரம்" என்கிறது. மதியம் முழுவதும் இதில் போயிற்று.

மார்ச் 9, திங்கள்

இரண்டாம் பகுதி. இன்று கை நன்றாக ஓடியது.

எங்கள் தொழிலில் முதுகு ஷாட் என்று ஒன்று உண்டு. பேசுகிறவன் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றால் வாய் தெரியாது. வாய் தெரியாவிட்டால் எந்த வார்த்தையும் பொருந்தும். கடவுள் எங்களுக்கென்று செய்த ஒரே ஏற்பாடு அது. இரண்டாம் பகுதி கடைசியில் வழிகாட்டி கோட்டை மதிலில் முதுகு காட்டி நிற்கிறான், ஒன்பது விநாடி, மூலத்தில் வசனமே இல்லை. டைரக்டருக்கு மௌனம் ஆகாது. "காலியா விடாதீங்க சார். டிவி ரிப்பேர்னு ஜனங்க எழுந்து போய் ஒயரை ஆட்டுவாங்க. ஏதாவது போடுங்க."

எனக்குத்தான் கதை தெரியுமே. கோட்டையில் ஒரு கிழவர் இருப்பார். ஆபத்து வந்தால் கொம்பு ஊதுவது அவர் வேலை. காது சுத்தமாகக் கேட்காது. கடைசியில் எல்லாரும் ரகசியமாக ஆற்றைக் கடந்து தப்பிப்பார்கள், கிளம்பச் சொன்னது காதில் விழாமல் அவர் மட்டும் கோட்டையிலேயே தங்கிவிடுவார். வழிகாட்டி அவருக்காகத் திரும்பிப் போவான். இந்தக் கதையின் உயிரே அங்கேதான். ஆகவே அந்த ஒன்பது விநாடியில் எழுதினேன்: "யார் போனாலும் போகட்டும். கொம்புக்காரரை விட்டுட்டு நான் போக மாட்டேன்."

கடைசிப் பகுதிக்கு இப்போதே விதை போட்டாகிவிட்டது. டைரக்டர் படித்துவிட்டு, "சார், புல்லரிக்குது" என்றார்.

எனக்கும் கொஞ்சம் புல்லரித்தது.

மார்ச் 14, சனி

சனிக்கிழமை காலைகளில் மனைவி காய்கறி வாங்கப் போகிறாள். பையை மறந்துவிடுவாள், போனை மறக்க மாட்டாள். அரை மணி கழித்து வெறுங்கையோடு வந்து, "பை எடுக்க மறந்துட்டேன்" என்று மறுபடி போவாள். நான்கு வருடமாக ஒவ்வொரு சனியும் ஒருத்தி பையை மறக்க முடியுமா? அவள் யாரிடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொள்கிறேன்.

எழுதச் சொன்னார் அல்லவா டாக்டர், எழுதுகிறேன். நான்கு வருடம் முன்னால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா போன் செய்தாள். "சாதாரண காய்ச்சல்தான்டா. வேலைய முடிச்சுட்டு மெதுவா வா" என்றாள். நான் வேலையை முடித்தேன். இரண்டு பகுதி, ஒரு சமையல் போட்டித் தொடர், யாரோ கேக் கருகிப்போனதற்கு அழுதார்கள், அதற்கு வாயசைவு பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் போனேன். போனபோது அம்மா இல்லை. சாதாரண காய்ச்சல் இல்லை அது, பத்து நாளாகவே அம்மா மோசமாக இருந்திருக்கிறாள். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது.

வாசலில் என்னைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் வார்த்தை: "சாப்பிட்டியா?"

அத்தனை பேர் முன்னால், "பொய்க்காரி" என்றேன். கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

150/95.

மார்ச் 20, வெள்ளி

இரண்டாம் பகுதி இன்று வெளியானது. மனைவி சோபாவில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். கொம்புக்காரர் வசனம் வந்ததும், "யாருங்க அது கொம்புக்காரர்?" என்றாள்.

"வருவார். பொறு."

மார்ச் 26, வியாழன்

ஐந்தாம் பகுதி கைக்கு வந்தது. திருட்டுத்தனமாக வெளியே போய்விடுமாம், அதனால் ஒன்றை முடித்துக் கொடுத்தால்தான் அடுத்ததை அனுப்புகிறார்கள். முடிவு என்ன என்று எழுதுகிற எனக்கே காட்ட மாட்டார்கள். காட்ட வேண்டியதும் இல்லை, எனக்குத்தான் தெரியுமே என்று இருந்தேன்.

ஐந்தாம் பகுதியிலும் கொம்புக்காரர் இல்லை. கோட்டையில் எல்லாரும் வந்துவிட்டார்கள். தளபதியின் மகள் குளிக்கிறாள், வாள் சுற்றுகிறாள், மறுபடி குளிக்கிறாள். முற்றுகையில் இருக்கிற கோட்டைக்கு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆபத்து வரும்போது கொம்பு ஊதுகிறார்கள், யார் ஊதுகிறார்கள் என்று காட்டவே இல்லை. தானாக ஊதிக்கொள்கிறது போலிருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

டைரக்டர் போன்.

"சார், கீழ கருத்துப் பகுதியைப் பார்த்தீங்களா? நானூறு பேர் 'கொம்புக்காரர் எங்கே?'ன்னு கேக்கறாங்க. ஒருத்தர் தளபதிதான் மாறுவேஷத்துல கொம்புக்காரர்னு பெரிய கட்டுரையே எழுதியிருக்கார்."

"நாவல்ல இருக்கார் மேடம்."

"நாவல்ல இருந்தா எனக்கென்ன சார், தொடர்ல இருக்காரா? மத்த எந்த மொழியிலயும் இந்த ஆளே கிடையாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா அடுத்த தொடர் நமக்கு வராது. உங்களுக்கும் வராது, எனக்கும் வராது."

"ஏதாவது போடுங்க" என்று சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 28, சனி

நூலகத்தில் நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து வந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். கடைசியாக யாரோ எடுத்தது ஆறு வருடம் முன்னால். நூலகர் தூசி தட்டிவிட்டு, "தொடரைப் பார்த்துட்டு வந்தீங்களா?" என்றார். "தொடரை எழுதிட்டு வந்தேன்" என்றேன். அவருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை.

மனைவி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு அதற்குச் செங்கல் என்று பெயர் வைத்தாள்.

ஏப்ரல் 1, புதன்

செங்கல், பக்கம் 140.

குதிரை தண்ணீர் குடிக்க நான்கு பக்கம் ஆகிறது. தொடரில் குதிரைகள் தண்ணீரே குடிப்பதில்லை. ஆற்றின் ஆழம் எந்த மாதத்தில் எவ்வளவு, எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எந்தக் கல் வழுக்கும் என்று ஓர் அத்தியாயம் முழுக்க வருகிறது. தொடரில் மேலேயிருந்து ஒரு காட்சி, நான்கு விநாடி, தண்ணீர் பளபளக்கிறது, முடிந்தது.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் 120-இல் முதல் ஆள் ஆற்றில் இறங்கியபோது என் காலே கூசியது. எந்தக் கல் வழுக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தளபதிக்கு மகள் இருக்கிறாள். மொத்தம் இரண்டு வரி. ஒரு வரியில் தும்முகிறாள்.

இந்த ஆழக் கணக்கையெல்லாம் அக்கா படித்ததாக ஞாபகமே இல்லை. தாண்டியிருப்பாள். நல்லதுதான், பத்து வயதில் தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 4, சனி

பக்கம் 390. கொம்புக்காரர் வந்துவிட்டார்! காது கேட்காது, கொம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், எல்லாரையும் திட்டுகிறார். அப்படியே நான் நினைத்திருந்த ஆள். பக்கத்தைப் படம் எடுத்து டைரக்டருக்கு அனுப்பினேன். "சந்தோஷம்" என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதினோராம் அத்தியாயம். நாய் செத்துப்போகிறது.

வழிகாட்டியின் நாய். அம்பு பட்டு. அரைப் பக்கம்தான், அழாமல் எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் தாங்கவில்லை. ஆனால் நாய் சாகவில்லையே. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தக் கரையில் ஒரு மீன்காரன் வீட்டுக்குப் போய்விடும், அங்கே தினமும் மீன் கிடைக்கும். மீன்காரன் எங்கே? முன்னும் பின்னும் முப்பது பக்கம் தேடினேன். இந்த நாவலில் மீன்காரனே கிடையாது.

வேறு பதிப்பாக இருக்கலாம். சிறுவர்களுக்கான சுருக்கம் ஏதாவது.

ஏப்ரல் 9, வியாழன்

நூலகரிடம் கேட்டேன். சுருக்கப் பதிப்பு என்று எதுவும் வந்ததில்லையாம். அன்றிலிருந்து இன்றுவரை இதே ஒரு பதிப்பு.

இடையில் ஓடக்காரன் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். எனக்குத் தெரிந்த கதையில் அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒன்றுக்கு என் பெயர்.

நாற்பத்து நான்கு வருடமாக நான் இதை நம்பியிருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு என் பெயர் எப்படி வந்தது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

அவன் வரவில்லை.

வழிகாட்டி இருபத்திரண்டு பேரைக் கரையேற்றிவிட்டுக் கொம்புக்காரருக்காகத் திரும்பிப் போகிறான். அந்தக் கரையில் எல்லாரும் நெருப்பு மூட்டிக் காத்திருக்கிறார்கள். மூன்று நாள். மூன்றாம் நாள் காலையில் அவர்களே ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து நெருப்பை அணைக்கிறார்கள். நடக்கத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான். அடுத்த பக்கம் அச்சகத்தின் முகவரி.

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அச்சகத்துக்குப் பின்னால் வருவான் என்பது போல.

அக்கா சொன்ன முடிவு எனக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் வழிகாட்டி சொட்டச் சொட்ட நனைந்து வருவான், கொம்புக்காரரை முதுகில் தூக்கிக்கொண்டு. வந்து நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துச் சொல்வான்: "ஏன் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கீங்க? எனக்குப் பசிக்குது."

இல்லை. அப்படி ஒரு வரியே இல்லை. அதுவும் பொய் — அதிலும் பொய்யா? ஒரு கதையைக்கூட ஒழுங்காகச் சொல்ல மாட்டாளா இவள்? அம்மா சாவையும் மறைப்பாள், நாய் சாவையும் மறைப்பாள், நான் என்ன முட்டாளா? ஐம்பத்து நாலு வயசு எனக்கு. யாரு கேட்டா இவகிட்ட? கேட்டேனா நான்?

170/105. மனைவி மாத்திரை கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். "நாய் செத்துப்போச்சு" என்றேன். எந்த நாய் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 15, புதன்

கேட்டேனா என்று அன்று எழுதியிருக்கிறேன். கேட்டேன்.

இன்று ஏழாம் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. தளபதியின் மகள் தட்டைத் தள்ளிவிட்டு, வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிறாள். உதடு ஒட்டும் இடம் எங்கே என்று அதையே எட்டு முறை ஓட்டிப் பார்த்தேன். எட்டாவது முறை எங்கள் பழைய சமையலறை ஞாபகம் வந்தது.

அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் ஆபரேஷன், பன்னிரண்டு நாள். அப்பா பகலும் இரவும் அங்கேயே. வீட்டில் நானும் அக்காவும். அக்காவுக்குப் பதினைந்து வயது, அதுவரை அடுப்புப் பக்கம் போனதில்லை. முதல் நாள் எல்லாவற்றையும் கருக்கினாள். நான் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். கருகியதால் இல்லை. அம்மா வந்தால்தான் சாப்பிடுவேன் என்றேன். அதனால்தான் அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஒரு அத்தியாயம் கேட்டால் ஒரு வேளை சாப்பிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். தட்டு என் மடியில், புத்தகம் அவள் மடியில்.

கடைசி நாளில் நான் வாயைத் திறக்கவே இல்லை. அன்று அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார், நான் ஒட்டுக்கேட்டுவிட்டேன். வழிகாட்டி திரும்பி வந்தால்தான் சாப்பிடுவேன் என்றேன். நான்தான் சொன்னேன்.

அவள் கையில் கடைசிப் பக்கம் இருந்திருக்கும். அணைத்த நெருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே, குரல் மாறாமல், திக்காமல், அவனை ஆற்றிலிருந்து நனைய நனையக் கொண்டுவந்து நிறுத்தி, "எனக்குப் பசிக்குது" என்று சொல்ல வைத்தாள். நான் சிரித்தேன். சாப்பிட்டேன்.

அம்மா அந்த முறை திரும்பி வந்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் காட்சியை நிறுத்தாமல் வேறு வார்த்தை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினைந்து வயது. ஒத்திகை கிடையாது. எதிரே நான், வைத்த கண் வாங்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு.

அவளை நான் பொய்க்காரி என்றேன். அத்தனை பேர் முன்னால்.

ஏப்ரல் 18, சனி

மனைவி பையை மறந்துவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும், "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்கலாம் என்று நினைத்தேன். "கத்தரிக்காய் கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"அண்ணியும் அந்தத் தொடரைப் பார்க்கறாங்களாம்" என்றாள், நான் கேட்காமலே. "புத்தகத்துல பாதிகூட இல்லைன்னு திட்டிட்டே பார்க்கறாங்க. கொம்புக்காரர் வருவார்னு உட்கார்ந்திருக்காங்க."

ஏப்ரல் 21, செவ்வாய்

எட்டாம் பகுதி வந்தது. கொம்புக்காரர் இல்லவே இல்லை. யாரும் கோட்டையில் தங்கிவிடுவதும் இல்லை. கோட்டை வெடிக்கிறது. வழிகாட்டியும் தளபதியின் மகளும் வெடிப்புக்கு முன்னால் மெதுவாக நடந்து வருகிறார்கள், முடி மட்டும் பறக்கிறது. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம் எழுதியவர் இதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஆனால் கடைசி ஷாட் ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரையில் நெருப்பு, சுற்றிலும் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வழிகாட்டி அவர்களை நோக்கி நடந்து போகிறான். நமக்கு முதுகு. பதினான்கு விநாடி. வசனம் இல்லை.

மாலையில் டைரக்டர் போன். "சார், அந்த முதுகு ஷாட்தான் நமக்கு இருக்கற ஒரே வழி. 'கொம்புக்காரர் செத்துட்டார்'னு ஒரு வரி போட்டு ஆளை முடிச்சுடுங்க. கேள்வி கேக்கறவங்க வாயை மூடிடலாம்."

"பார்க்கறேன் மேடம்."

"பார்க்க வேண்டாம் சார். எழுதுங்க."

ஏப்ரல் 23, வியாழன்

எழுதினேன். "கொம்புக்காரர் போயிட்டாரு." ஏழு விநாடி மிச்சம். நாவலுக்கும் கிட்டத்தட்ட உண்மையாக இருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது.

நாவலைக் கரைத்துக் குடித்தவன் என்ற முறையில் எனக்கே குறையில்லை.

அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன். மறுபடி அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். வருவார் என்று.

ஏப்ரல் 25, சனி

ஒலிப்பதிவு. வழிகாட்டிக்குக் குரல் கொடுப்பவர் நேரில் என் தோள் உயரம்தான் இருப்பார், முன்பல்லில் ஒன்று இல்லை. அந்த முகத்தைத் தொடரில் போட்டிருக்கலாம் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

கடைசி ஷாட்டுக்கான தாளை அவரிடம் கொடுத்தேன். டைரக்டர் எட்டி வாங்கிப் படித்தார்.

"சார், என்ன இது? உயிரோட கொண்டு வந்திருக்கீங்க? பக்கத்துல யாரும் இல்லைன்னு பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"பக்கத்துலன்னு எழுதலையே மேடம். பின்னாலன்னு எழுதியிருக்கேன். அவனுக்குப் பின்னால்னா கேமரா இருக்கற பக்கம். அங்க யார் வர்றாங்கன்னு யாராலயும் பார்க்க முடியாது."

டைரக்டர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாவல்ல இப்படித்தான் இருக்கா?"

என்னவோ கரைத்துக் குடித்தவன் மாதிரி நேராக அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாம்" என்றேன்.

குரல்காரர் ஒருமுறை மனசுக்குள் படித்துக்கொண்டார். பிறகு மைக் முன்னால் நின்று, நடந்து களைத்தவன் மாதிரி மூச்சுவிட்டு, ஒரே டேக்கில் சொன்னார்: "கொம்புக்காரர் பின்னாலேயே வர்றாரு. ஏன் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கீங்க? எனக்குப் பசிக்குது."

பதின்மூன்றரை விநாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் சிரித்துவிட்டார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். டைரக்டர், "ஓகே, அடுத்தது" என்றார். அடுத்தது என்று எதுவும் இல்லை, அதுதான் கடைசி.

மே 1, வெள்ளி

எட்டாம் பகுதி வெளியானது. நான் பார்க்கவில்லை. அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். சட்டையில் பொத்தான் எல்லாம் இருந்தது, ஒன்றைப் பிய்த்துவிட்டுத் தைத்தேன்.

மனைவி கதவருகே வந்து நின்றாள். "கொம்புக்காரர் வந்துட்டாரு போல" என்றாள்.

மே 2, சனி

மனைவி இன்று பையோடு கிளம்பினாள். போனை மேஜையில் வைத்துவிட்டாள். மறந்ததாகச் சொல்ல முடியாது, என் செய்தித்தாளின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நிமிடத்தில் அடித்தது. நான்கு முறை அடிக்கவிட்டு எடுத்தேன். ஹலோ சொல்லவில்லை. அந்தப் பக்கமும் சொல்லவில்லை. மூச்சை வைத்தே ஆள் மாறியிருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா, "அந்தக் கடைசி வரி புத்தகத்துல கிடையாதே" என்றாள்.

"கிடையாது."

"அவங்க எடுத்த படத்துலயும் இருந்திருக்காது."

"இல்ல."

பின்னால் ஏதோ குக்கர் சத்தம் கேட்டது.

"நீ முழுசாப் படிச்சுட்டியா?"

"படிச்சுட்டேன்க்கா. நாய் வரைக்கும் எல்லாம் தெரியும்."

"ஐயோ" என்றாள். நிஜமாகவே பதறினாள், அறுபதை நெருங்குகிறவள், ஐம்பத்து நான்கு வயதுக்காரனுக்காக. "யாருடா உன்னை அதைப் படிக்கச் சொன்னது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வேறு என்னவோ வந்தது. அவள் இருமுவது போல் நடித்து எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். "அன்னிக்கு அப்படிச் சொன்னதுக்கு —" என்று தொடங்கினேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

140/90. காரணம் மாத்திரையா என்று தெரியவில்லை.

மே 3, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனோம். என் வாயில் பேச்சு ஒழுங்காக வராது என்று வாசலில் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். மூன்று வரி. ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவன்.

பஸ் பாதி வழியில் அரை மணி நின்றது. மனைவிக்குப் பசி தாங்காது, எதிரே இருந்த கடையில் இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

அக்காவே கதவைத் திறந்தாள். நரைத்துவிட்டாள், கண்ணாடி தடித்திருக்கிறது. நேருக்கு நேர் நின்றோம். தாள் சட்டைப்பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்லக்கா" என்றேன்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் உள்ளே வந்து என் பக்கத்தில் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள்.